சிமென்ட் மூட்டையில் 43, 53... அந்த நம்பர் எங்கிருந்து வருது? கம்ப்யூட்டர் காலத்திலும் இன்ஜினியர்கள் ‘பொம்மை’ செய்து பார்ப்பது ஏன்?

சிமென்ட் வாங்கப் போனால் கடையில் கேட்கும் முதல் கேள்வி, “43-ஆ, 53-ஆ?” என்பதுதான். பெரிய நம்பர்னா நல்லதாத்தான் இருக்கும் என்று நினைத்து 53-ஐ எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம். அந்த நம்பர் எதைக் குறிக்கிறது என்று நம்மில் பலர் யோசிப்பதே இல்லை.

அது ஒரு குட்டிக் கட்டி வாங்கிய மார்க்.

ஒவ்வொரு பக்கமும் 7 சென்டிமீட்டர் சொச்சம். கையில் அடங்கிவிடும். 200 கிராம் சிமென்ட், 600 கிராம் மணல், அளந்து ஊற்றிய தண்ணீர். அச்சில் போட்டு அதிர வைத்து, மறுநாள் அச்சைக் கழற்றித் தண்ணீருக்குள் வைத்துவிடுவார்கள். 28-வது நாள் வெளியே எடுத்து மெஷினில் நசுக்குவார்கள்.

53 கிரேடு என்றால், அந்தக் கட்டி ஒரு சதுர மில்லிமீட்டருக்குக் குறைந்தது 53 நியூட்டன் அழுத்தத்தைத் தாங்க வேண்டும். மொத்தக் கட்டிக்கும் கணக்குப் போட்டால் ஏறத்தாழ 27 டன். யானை ஒன்று 5 டன் என்று வைத்தாலும், உள்ளங்கை அளவு கட்டியின் மேல் ஐந்து யானைக்கு மேல் நிற்கிற கணக்கு!

இன்னொரு விஷயம். இந்தச் சோதனைக்கு ஏதோ ஒரு ஆற்று மணலை அள்ளிப் போட முடியாது. இந்தியாவில் இதற்கென்று தரப்படுத்தப்பட்ட மணல் நம்ம எண்ணூர் மணல்தான். குஜராத்தில் தயாராகும் சிமென்டும் எண்ணூர் மணலோடு சேர்ந்துதான் பரீட்சை எழுத வேண்டும்.

விருதுநகர் மாவட்டம் ஆலங்குளத்துக்காரர்களுக்கு இதெல்லாம் பழகிய சமாச்சாரம். (தென்காசி மாவட்டத்து ஆலங்குளம் வேற. மேப்பில் தேடினால் அங்கே கூட்டிக்கொண்டு போய்விடும். நாம் பேசுவது ராஜபாளையத்துக்குக் கிழக்கே, சிமென்ட் ஆலையால் பெயர் வாங்கிய ஆலங்குளம்.) 1970-ல் இங்கே அரசு சிமென்ட் ஆலை தொடங்கியது. 1976-ல் தமிழ்நாடு சிமென்ட்ஸ் கழகமான டான்செம் உருவானதும் அதன் கைக்கு வந்தது. சுண்ணாம்புக்கல், சூளை, அரவை என்று எவ்வளவு பெரிய ஆலையாக இருந்தாலும், அங்கிருந்து வரும் சிமென்ட் பாஸா ஃபெயிலா என்று சொல்லும் கடைசி வாத்தியார் அந்தக் குட்டிக் கட்டிதான்.

சின்னதாகச் செய்து பார்த்துவிட்டு பெரியதை நம்புவது. அணை, பாலம், கோபுரம், துறைமுகம் எல்லாவற்றுக்கும் பின்னால் இந்த வேலை இருக்கிறது. இன்ஜினியரிங்கில் இதற்கு பிசிக்கல் மாடலிங் என்று பெயர். எல்லாம் கம்ப்யூட்டருக்குள் வந்துவிட்ட பிறகும் இது ஏன் இன்னும் ஒழியவில்லை? வாங்க, பார்க்கலாம்.

‘மாதிரி’ன்னா என்ன மாதிரி?

தமிழில் ஒரு சிக்கல் இருக்கிறது. கடையில் காட்டும் அரிசியும் மாதிரிதான். பொதுத்தேர்வுக்கு முன் தரும் வினாத்தாளும் மாதிரிதான். “அவன் அப்பா மாதிரியே இருக்கான்” என்பதும் அதே மாதிரிதான்.

இன்ஜினியர்களுக்கு இந்த மூன்றும் வேறு வேறு. சிமென்ட் கட்டி என்பது அரிசிக் கடை மாதிரி. அதே பொருளில் ஒரு பிடி எடுத்துப் பார்ப்பது, அவ்வளவுதான். ஆனால் ஓர் அணையில் ஒரு பிடி எடுத்துப் பார்க்க முடியாது. அணையை இன்னும் கட்டவே இல்லையே! அங்கே தேவைப்படுவது மூன்றாவது வகை, ‘அப்பா மாதிரி’ இருக்கிற பிள்ளை. உருவத்தில் ஒத்துப்போனால் போதாது. நடத்தையிலும் ஒத்துப்போக வேண்டும். வம்பே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

வள்ளுவரின் இடுப்பும் மரத்தில் செய்த மாதிரியும்

நம்ம ஊரில் எல்லோரும் பார்த்த உதாரணம், கன்னியாகுமரி திருவள்ளுவர் சிலை. பீடம் 38 அடி, சிலை 95 அடி, மொத்தம் 133 அடி. 2000 ஜனவரி 1-ல் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் வை.கணபதி ஸ்தபதி.

வள்ளுவர் நேராக விறைத்து நிற்கவில்லை, கவனித்திருக்கிறீர்களா? இடுப்பில் ஒரு லேசான வளைவு இருக்கும். நடராஜர் சிலையிலும் கோயில் சிற்பங்களிலும் பார்த்துப் பழகிய ஒய்யாரம். சின்னச் சிலையில் அது அழகு. கடல் நடுவே ஒரு பாறையில், கல்லின் மேல் கல்லை அடுக்கி இந்த உயரத்தில் வளைவு வைப்பது அப்படி லேசான காரியம் இல்லை.

அதனால் கல்லில் கை வைப்பதற்கு முன்பே மரத்தில் ஒரு மாதிரி செய்து ஆராய்ந்தார்கள். உச்சி முதல் அடி வரை உடலின் நடுவே ஓடும் கோடு எது, எடை எந்த வழியாகக் கீழே இறங்குகிறது என்று அதில் பார்த்த பிறகுதான் சிலையின் உள்கூட்டை முடிவு செய்தார்கள். சிலையின் நடுப்பகுதி மேலிருந்து கீழ் வரை வெற்றிடமாக விடப்பட்டது. 2004 டிசம்பர் 26 சுனாமி அலைகள் வந்து மோதியபோதும் சிலை நின்றது.

ஒரு நிமிஷம். மரம் வேற, கல் வேற. அளவும் சின்னது. மரப் பொம்மை நின்றால் கல் சிலையும் நிற்கும் என்று எப்படி நம்புவது?

நல்ல கேள்வி. பதில், எந்தக் கேள்வியை அந்த மாதிரியிடம் கேட்கிறோம் என்பதில் இருக்கிறது.

எறும்பைப் பெரிதாக்கினால் என்ன ஆகும்?

ஒரு பொருளின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் 10 மடங்கு கூட்டுங்கள். அதன் கால் பரப்பு 100 மடங்கு ஆகும். எடையோ 1,000 மடங்கு ஆகிவிடும். ஆக, காலில் ஒவ்வொரு சதுர அங்குலமும் தாங்க வேண்டிய சுமை 10 மடங்கு. எறும்பை யானை சைஸுக்குப் பெரிதாக்கினால் அதன் கால்கள் அதன் எடைக்கே ஒடிந்துவிடும். யானைக்கு ஏன் தூண் மாதிரி கால் என்பதும் இப்போது புரிந்திருக்கும். 1638-ல் வெளியான தன் புத்தகத்தில் கலிலியோ இந்தக் கணக்கை விளக்கியிருக்கிறார்.

அதனால் “இந்தக் கல் நசுங்குமா?” என்ற கேள்விக்குச் சின்ன மாதிரி சரியான பதில் சொல்லாது. சின்னதில் சுமை குறைவு. அது எப்போதும் “நசுங்காது” என்றே சொல்லும்.

ஆனால் “இந்த வளைவோடு நின்றால் சாயுமா?” என்ற கேள்வி வேறு. எடை இறங்கும் கோடு அடிப்பரப்புக்குள் விழுந்தால் நிற்கும், வெளியே விழுந்தால் சாயும். அது வடிவத்தின் கணக்கு. ஒரு அடியிலும் அதேதான், நூறு அடியிலும் அதேதான். மரமா கல்லா என்பதும் அங்கே பெரிய விஷயமில்லை. வள்ளுவரின் இடுப்புக்கு மரப் பொம்மை பதில் சொல்ல முடிந்தது இதனால்தான். கோயில் கட்டிய நம்ம பழைய ஸ்தபதிகளுக்கும், வளைவு வளைவாக மாதா கோயில் கட்டிய ஐரோப்பியக் கொத்தர்களுக்கும் சின்ன அளவில் செய்து பார்ப்பது கைகொடுத்ததற்கும் இதே காரணம்.

சரி, கல் அசையாமல் நிற்கும் பொருள். ஓடுகிற தண்ணீரை என்ன செய்வது?

1 லட்சம் கனஅடி வெள்ளம், ஒரு கொட்டகைக்குள்

மேட்டூரில் இருந்து 1 லட்சம் கனஅடி திறப்பு என்று நாங்கள் பிரேக்கிங் போடும்போதெல்லாம் டெஸ்க்கில் யாராவது கேட்பார்கள், “ஒரு கனஅடின்னா எவ்வளவுப்பா?” ஒரு நொடிக்கு ஏறத்தாழ 28 லிட்டர். வீட்டுக்கு வரும் 20 லிட்டர் கேனில் ஒன்றரை கேனுக்குக் கொஞ்சம் குறைவு. அதைப் போல 1 லட்சம் மடங்கு, ஒவ்வொரு நொடியும்.

இந்த வெள்ளத்தை ஒரு கொட்டகைக்குள் கொண்டுவர முடியும். திருவள்ளூர் மாவட்டம் பூண்டியில், சத்தியமூர்த்தி சாகர் நீர்த்தேக்கம் இருக்கும் ஊரில், 1944-ல் தொடங்கிய பாசன ஆராய்ச்சி நிலையம் செய்துவந்த வேலை இதுதான். இன்று அதன் பெயர் இன்ஸ்டிடியூட் ஆஃப் ஹைட்ராலிக்ஸ் அண்ட் ஹைட்ராலஜி. இதைவிடப் பழையது புனே அருகே கடக்வாஸ்லாவில் உள்ள மத்திய நீர் மற்றும் மின் ஆராய்ச்சி நிலையம். அது 1916-ல் தொடங்கியது.

இப்படிப்பட்ட இடங்களில் ஆற்றின் ஒரு பகுதியைச் செங்கல், சிமென்ட் பூச்சில் அப்படியே குட்டியாகக் கட்டுவார்கள். மேடு பள்ளம் எல்லாம் சர்வே கணக்குப்படி இருக்கும். அணையின் மதகு, தண்ணீர் வழியும் சரிவு, தூண்கள் எல்லாம் வழவழப்பாகச் செய்யப்படும். உள்ளே நடப்பது தெரிய வேண்டிய இடத்தில் கண்ணாடி வைப்பார்கள். அப்புறம் பம்ப்பை ஆன் செய்து தண்ணீரை விட வேண்டியதுதான்.

எவ்வளவு தண்ணீர்? எவ்வளவு வேகம்? அதில்தான் சூட்சுமம்.

100 அடி உயரத்தில் இருந்து ஒரு கல்லைப் போட்டால் தரைக்கு வர ஏறத்தாழ இரண்டரை நொடி ஆகும். 1 அடியில் இருந்து போட்டால் கால் நொடி. உயரம் 100-ல் ஒரு பங்கானாலும் நேரம் 10-ல் ஒரு பங்குதான் ஆனது. புவியீர்ப்பை நம்மால் குறைக்க முடியாதே! ஆகவே 100-க்கு 1 என்ற அளவில் செய்த குட்டி ஆற்றில் வேகம் 100-ல் ஒரு பங்கு இருக்கக் கூடாது. 10-ல் ஒரு பங்கு இருக்க வேண்டும்.

இனி கணக்கு சுலபம். அகலம் 100-ல் ஒரு பங்கு, ஆழம் 100-ல் ஒரு பங்கு, வேகம் 10-ல் ஒரு பங்கு. மூன்றையும் பெருக்கினால் 1 லட்சத்தில் ஒரு பங்கு. மேட்டூரின் 1 லட்சம் கனஅடி, கொட்டகைக்குள் சரியாக 1 கனஅடி. ஒரு நாள் முழுக்க ஓடும் வெள்ளம் இங்கே 2 மணி 24 நிமிஷத்தில் ஓடி முடிந்துவிடும்.

இந்த விதியைக் கப்பல்களுக்குப் பயன்படுத்திக் காட்டியவர் இங்கிலாந்துக்காரர் வில்லியம் ஃபிரூட். 1870-களின் தொடக்கத்தில் டார்கே என்ற ஊரில் தன் வீட்டருகே நீளமான தொட்டி கட்டி, மெழுகில் செய்த குட்டிக் கப்பல்களை இழுத்துப் பார்த்தார். அதற்கு முன்பும் பலர் குட்டிக் கப்பல் விட்டார்கள். எந்த வேகத்தில் இழுத்தால் அது பெரிய கப்பலுக்குச் சமம் என்பதில்தான் குழம்பினார்கள்.

அணைக்குக் கீழே நடக்கும் சண்டை

குட்டி அணையில் இன்ஜினியர்கள் எதைப் பார்க்கிறார்கள்? தண்ணீர் மதகைத் தாண்டுமா என்பதை மட்டும் அல்ல. தாண்டிய பிறகு என்ன செய்கிறது என்பதுதான் அதிகத் தலைவலி.

உயரத்தில் இருந்து இறங்கும் வெள்ளம் கீழே வரும்போது பயங்கர வேகத்தில் இருக்கும். அந்த வேகத்தோடு அப்படியே ஆற்றுக்குள் போனால் படுகையைத் தோண்டிவிடும். தோண்டிக்கொண்டே பின்னோக்கி வந்தால் அணையின் அடித்தளத்துக்கே ஆபத்து. அதனால் அணைக்குக் கீழே ஒரு தொட்டி போலக் கட்டி, தண்ணீரைத் தன்னோடு தானே மோதவிட்டு, நுரைக்கவிட்டு, களைப்பாக்கி அனுப்புவார்கள். அந்தத் தொட்டி எவ்வளவு நீளம், தடுப்புக் கட்டைகள் எங்கே என்பதெல்லாம் மாதிரியில் மாற்றி மாற்றிப் பார்த்து முடிவாகும். கீழே மணலைப் பரப்பி, சில மணி நேரம் வெள்ளத்தை விட்டுவிட்டு, பம்ப்பை நிறுத்தினால் போதும். எங்கே பள்ளம் விழுந்திருக்கிறது என்று கண்ணாலேயே தெரியும்.

2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பு மேலணையில் கொள்ளிடம் பக்கம் மதகுகள் உடைந்த காட்சியைப் பார்த்தவர்களுக்குத் தண்ணீரின் பலத்தைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நம்ம பக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு மக்களுக்குப் பிளவக்கல் அணைகள் இருக்கின்றன. மலையில் மழை பிடித்தால் அணையைத் திறக்கப் போறாங்களா என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் வயலும் வீடும் ஆடு மாடும் இருக்கிறது.

மாதிரிக்கு இன்னொரு லாபம் உண்டு. என்னைக் கேட்டால் இதுதான் பெரிய லாபம் என்பேன். சமன்பாட்டை ஆயக்கட்டு விவசாயியிடம் நீட்ட முடியாது. ஆனால் குட்டி ஆற்றின் பக்கத்தில் அவரை நிற்க வைத்து, எந்தக் கரையில் தண்ணீர் ஏறுகிறது என்று காட்டலாம். “இந்த வளைவுல இப்படி ஏறாது சார், எங்க ஊர்ல அந்தப் பக்கம்தான் வரும்” என்று அவர் சொன்னால், தப்பு எங்கே என்று கட்டுவதற்கு முன்பே தேட முடியும்.

சுருங்க மறுக்கும் சில விஷயங்கள்

பழைய படங்களில் கப்பல் மூழ்கும் சீன், அணை உடையும் சீன் பார்த்திருப்பீர்கள். பார்த்த உடனே ‘இது தொட்டித் தண்ணி’ என்று தெரிந்துவிடும். ஏன்?

ஒன்று, வேகம். அதை ஸ்லோ மோஷனில் எடுத்துச் சரிசெய்துவிடலாம். ஃபிரூட் கணக்கேதான் அதுவும். ஆனால் தண்ணீர்த் துளி இருக்கிறதே, அதை ஏமாற்ற முடியாது. கப்பல் 100-ல் ஒரு பங்கு ஆனாலும் துளி அதே சைஸ்தான். பொம்மைக் கப்பலின் மேல் தெறிக்கும் துளி பூசணிக்காய் அளவு தெரியும்.

இன்ஜினியர்களுக்கும் இதே தொல்லைதான். தண்ணீரின் பிசுபிசுப்பும் மேற்பரப்பு இழுவிசையும் மாதிரிக்காகச் சுருங்காது. குட்டி ஆற்றில் தண்ணீர் ரொம்ப மெல்லிசாக ஓடினால் அது ஆறு மாதிரி நடக்காது, தேன் வழிகிற மாதிரி நடக்கும். அதனால் மாதிரியை ஓர் அளவுக்கு மேல் சின்னதாக்க முடியாது.

மணல் இன்னும் மோசம். ஆற்று மணலையும் 100-ல் ஒரு பங்காக அரைத்தால் அது மணலாக இருக்காது, களிமண் மாவு ஆகிவிடும். ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். எனவே நிலக்கரித் தூள், பிளாஸ்டிக் மணிகள் என்று எடை குறைந்த பொருளை மணலுக்கு ‘டூப்’ போடுவார்கள். எதற்கு எது டூப் போடும், எங்கே அது காலை வாரும் என்று தெரிவதுதான் இந்தத் தொழிலின் அனுபவம்.

எட்டுக் கோபுரம் இருக்க, ஒன்றை மட்டும் சோதித்தால்?

காற்றுக்கும் இதே கதை உண்டு. சென்னை தரமணியில் உள்ள சிஎஸ்ஐஆர்-எஸ்இஆர்சி கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையத்தில் காற்றுச் சுரங்கம் இருக்கிறது. உயரமான கட்டடம், புகைபோக்கி போன்றவற்றின் குட்டி மாதிரிகளை வைத்து மின்விசிறியால் காற்றை விடும் இடம் அது. மின்கோபுரங்களுக்கு இதே மையம் இன்னொன்றும் செய்கிறது. பொம்மையெல்லாம் கிடையாது, முழு அளவுக் கோபுரத்தையே நிறுத்தி, கம்பிகளால் இழுத்துப் பார்ப்பார்கள். சில நேரம் ஒடிகிற வரைக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவில் மின்கம்பங்களை எப்படிச் சாய்த்தது என்று பார்த்தவர்களுக்கு இந்தச் செலவு வீண் என்று தோன்றாது.

ஆனால் சோதனை நடந்தது என்பதே பாதுகாப்பு ஆகிவிடாது. 1965 நவம்பர் 1-ம் தேதி இங்கிலாந்தின் ஃபெர்ரிபிரிட்ஜ் அனல்மின் நிலையத்தில் பலத்த காற்று அடித்தது. அங்கே எட்டு குளிர்விப்புக் கோபுரங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் 375 அடி. நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் ராஜகோபுரத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரம். அதில் மூன்று இடிந்து விழுந்தன.

ஆச்சரியம் என்னவென்றால், காற்றை நேரே வாங்கிய முன்வரிசை நின்றது. ஒளிந்திருந்த பின்வரிசைதான் விழுந்தது.

காரணம் பிறகுதான் புரிந்தது. காற்றுக் கணக்கு தனியாக நிற்கும் ஒற்றைக் கோபுரத்தை வைத்துச் செய்த சோதனையை நம்பிப் போடப்பட்டிருந்தது. நிஜத்தில் எட்டும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. முன்வரிசைக்கு இடையே பிதுங்கி வந்த காற்று, சுழன்று அடித்துப் பின்வரிசையை ஆட்டியது. போதாததற்கு, காற்றின் வேகத்தை ஒரு நிமிட சராசரியாக எடுத்திருந்தார்கள். சில நொடிகளே வீசும் உக்கிரமான வீச்சு அந்தச் சராசரிக்குள் மறைந்துவிட்டது. நல்லவேளை, யாரும் சாகவில்லை.

ஒற்றைக் கோபுரத்தின் மாதிரி பொய் சொல்லவில்லை. ஒற்றைக் கோபுரத்தைப் பற்றி மட்டும்தான் அதனிடம் கேட்டார்கள்.

அதான் கம்ப்யூட்டர் இருக்கே?

இருக்கிறது. அது இல்லாமல் இன்று ஒரு பாலமும் வடிவமைப்பதில்லை. தூணை இரண்டு அடி தள்ளி வைக்க வேண்டும் என்றால் கம்ப்யூட்டரில் ஒரு நிமிஷ வேலை. சிமென்ட் மாதிரியில் உடைத்துத் திரும்பக் கட்ட வேண்டும். மாதிரி கட்டவே மாதக்கணக்கில் ஆகும், இடம் வேண்டும், காசும் அதிகம்.

ஆனால் கம்ப்யூட்டருக்கு நாம் சொல்லிக்கொடுத்ததுதான் தெரியும். நுரைத்துக்கொண்டு, காற்றோடு கலந்து, மணலையும் மரக்கிளையையும் அடித்துக்கொண்டு வரும் வெள்ளத்தைச் சமன்பாட்டில் முழுதாக எழுத முடியாது. அங்கங்கே தோராயமாக வைத்துத்தான் ஓட்டுகிறார்கள். அந்தத் தோராயம் சரியா என்று எதை வைத்துச் சரிபார்ப்பது? மாதிரியில் அளந்ததை வைத்துத்தான். இருபது வடிவங்களைக் கம்ப்யூட்டரில் ஓட்டி இரண்டாகக் குறைத்துவிட்டு, அந்த இரண்டையும் தொட்டியில் கட்டிப் பார்ப்பதுதான் பெரிய திட்டங்களில் இன்றைய வழக்கம். சென்னை ஐஐடி தையூர் வளாகத்தில் துறைமுகங்களுக்காக அலைப் படுகை கட்டியதும் கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் அல்ல, இப்போது சில வருஷத்துக்குள்தான்.

மாதிரியில் ஓடுவது நிஜத் தண்ணீர். நாம் கேட்க மறந்த கேள்விக்கும் அது சில நேரம் பதில் சொல்லிவிடும். “இங்கே ஏன் சுழி விழுது?” என்று யாரோ ஓர் உதவியாளர் கை நீட்டிக் காட்டுவார். அந்தச் சுழியை யாரும் கணக்கில் எழுதியே இருக்க மாட்டார்கள்.

700 மீட்டர் வரை பயமில்லை என்றது ஒரு மாதிரி

இவ்வளவு சொன்ன பிறகு, மாதிரி செய்து பார்த்தும் தப்பிய கதையைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

இத்தாலியின் வடக்கே வயோன்ட் என்ற பள்ளத்தாக்கு. 1960-ல் அங்கே 260 மீட்டருக்கு மேல் உயரமான கான்கிரீட் அணை கட்டி முடித்தார்கள். தண்ணீரை நிரப்ப நிரப்ப, பக்கத்து மலைச்சரிவு மெதுவாக நகர ஆரம்பித்தது. மலை சரிந்து நீர்த்தேக்கத்தில் விழுந்தால் எவ்வளவு பெரிய அலை எழும்? அதைத் தெரிந்துகொள்ள, 200-க்கு 1 என்ற அளவில் நீர்த்தேக்கத்தின் மாதிரியைக் கட்டினார்கள். சரியும் மலைக்கு டூப் போட்டது சரளைக்கல்.

சரளைக்கல் கொட்டியது, அலை எழுந்தது, அளந்தார்கள். கடல் மட்டத்தில் இருந்து 700 மீட்டர் உயரம் வரை தண்ணீர் இருந்தால், மிக மோசமான சரிவு வந்தாலும் ஆபத்தில்லை என்று முடிவு வந்தது.

1963 அக்டோபர் 9 இரவு நீர்மட்டம் 700 மீட்டரை ஒட்டியே இருந்தது. மலை சரிந்தது. சரளையாக உதிர்ந்து அல்ல, ஒட்டுமொத்தப் பாறைத் திட்டாக, நம்ப முடியாத வேகத்தில். ஏறத்தாழ 27 கோடி கனமீட்டர். எழுந்த தண்ணீர் அணையைத் தாண்டிக் குதித்து, கீழே இருந்த லொங்காரோனே ஊரையே துடைத்துவிட்டது. இறந்தவர்கள் ஏறத்தாழ 2,000 பேர். பலர் தூக்கத்திலேயே போய்விட்டார்கள்.

அணை மட்டும் உடையவில்லை. இன்றும் அப்படியே நிற்கிறது.

அந்த மாதிரியில் தண்ணீர்க் கணக்கு சரி, அளவுக் கணக்கு சரி. சரளைக்கல்லை மலை என்று வைத்துக்கொண்டதுதான் தப்பு. சரளை கொஞ்சம் கொஞ்சமாக விழும், தண்ணீர் அதன் இடுக்குகளில் புகும். பெரும்பாறை மொத்தமாக வந்து தண்ணீரைத் தள்ளும். இரண்டும் எழுப்பும் அலை ஒன்றாக இருக்க முடியாது. ஒரு தாளில் ‘700 மீட்டர் பாதுகாப்பானது’ என்று எழுதிய பிறகு, அந்த எண்ணை எது கொடுத்தது என்று அதிகாரிகள் திரும்பிப் பார்க்கவில்லை. மலை நகர்கிறது என்று ஊர்க்காரர்கள் சொல்லிக்கொண்டேதான் இருந்தார்கள்.

உங்க வீட்டுத் தளத்துக்கும் மாதிரி உண்டு

கடைசியாக நம்ம ஊருக்கே வருவோம். ஆலையில் பாஸான சிமென்ட் உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. மணல், ஜல்லி, தண்ணீர் சேர்ந்து கான்கிரீட் ஆகிறது. இப்போது அந்தக் கான்கிரீட்டுக்கும் தனிப் பரீட்சை உண்டு. ஆலையில் 7 சென்டிமீட்டர் கட்டி என்றால், சைட்டில் 15 சென்டிமீட்டர் கட்டி. இதைத்தான் ‘கியூப் டெஸ்ட்’ என்கிறார்கள்.

1,000 சதுர அடி தளம், 5 அங்குல கனம் என்றால் ஏறத்தாழ 12 கனமீட்டர் கான்கிரீட் வரும். ஐஎஸ் 456 விதிப்படி 6 முதல் 15 கனமீட்டர் வரை இரண்டு மாதிரிகள் எடுக்க வேண்டும். ஒரு மாதிரிக்கு மூன்று கியூப். ஆக, தளம் போடும் அன்று ஆறு கியூப். அவற்றை 28 நாள் தண்ணீரில் வைத்து நசுக்க வேண்டும். எம்20 கான்கிரீட் என்றால் அந்த 20 என்பது இந்தக் கட்டி 28-வது நாளில் ஒரு சதுர மில்லிமீட்டருக்குத் தாங்க வேண்டிய நியூட்டன் கணக்கு.

நம்ம ஊர்களில் தனி வீடு கட்டும்போது இதை யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. எங்க மாமா வீட்டுத் தளம் போட்ட அன்றைக்குப் பிரியாணி எத்தனை பேருக்கு என்று நான்கு தடவை எண்ணினார்கள். கியூப் எத்தனை என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நான் உட்பட.

கேட்கலாம். கான்ட்ராக்டரிடம் “கியூப் எடுத்தீங்களா, ரிசல்ட் எப்ப வரும்?” என்று கேட்பது தப்பில்லை. கியூபுக்குத் தனியாக நல்ல கலவை போடாமல், தளத்துக்குப் போகும் அதே கலவையில் இருந்து எடுக்கிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். மூன்று கியூபும் ஒன்றுக்கொன்று ரொம்ப வித்தியாசமாக வந்தால் அந்த ரிசல்ட்டே செல்லாது. சராசரியில் இருந்து 15 சதவீதத்துக்கு மேல் எதுவும் விலகக் கூடாது.

ரிசல்ட் நல்லா வந்தாலும் ஒன்றை மறக்காதீங்க. கியூப் 28 நாளும் தண்ணித் தொட்டிக்குள்ள சொகுசா கிடக்கும். உங்க தளம் ராஜபாளையத்து மே மாச வெயில்ல மொட்டை மாடியில கிடக்கும். கலவை நல்ல கலவையா என்ற கேள்விக்கு மட்டும்தான் கியூப் பதில் சொல்லும். தளத்துக்குத் தண்ணி ஊத்துனீங்களான்னு அதுக்குத் தெரியாது. பாத்தி கட்டித் தண்ணி தேக்கி, சாதா சிமென்ட்னா குறைஞ்சது 7 நாள், சாம்பல் கலந்த பிபிசி சிமென்ட்னா 10 நாள், நீங்கதான் நனைக்கணும்.